டவர் பொண்ணு

எங்கள் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டவர் பொண்ணு, அவ்வளவுதான். ஏதோ டவரையே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்து இறங்கியவள் மாதிரி. நானும் இங்கே பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் கூச்சப்படுவாள். அவள் கூச்சப்பட்டதெல்லாம் போதும்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். செல்போன் கம்பெனிகளுக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் இன்ஜினீயர். கையில் இரண்டு போன், தோளில் லேப்டாப் பை. எந்தத் தெருவில் சிக்னல் விழுகிறது, எங்கே விழவில்லை என்று ஊரைச் சுற்றிச் சுற்றி அளப்பாள். அதை வைத்து எந்த ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு குனிய வைப்பது என்று முடிவு செய்வாள். பீம், டில்ட் என்று அவள் வாயில் ஓயாமல் வரும். எங்களுக்கு ஒரு எழவும் புரியாது.

அவளைப் பற்றி ஒரே ஒரு சங்கதி சொன்னால் போதும், மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். யாருடைய போனிலாவது பேச்சு நடுவில் அறுந்துபோனால் அவளுக்கு முகம் சுண்டிவிடும். தான் பரிமாறிய சோற்றில் கல் கிடந்த மாதிரி ஆகிவிடுவாள். டீக்கடையில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்தினால் இவள் குடித்துக்கொண்டிருக்கும் டீயை வைத்துவிட்டு அந்த ஆளிடம் போய், "சாரிண்ணா, இந்த எடத்துல கொஞ்சம் வீக்கு" என்பாள். டீக்கடைக்காரர், "நீ இன்னாமா பண்ணுவ, போய் டீயக் குடி" என்று அதட்டுவார்.

ஒருமுறை நானும் அவளும் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் போனோம். முன் சீட்டில் ஒரு பெரியவர் போனில் கத்திக் கத்திக் கடைசியில் அதைப் பார்த்தே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். இவள் எட்டிக் குனிந்து, "சாரி சார்" என்றாள். அவர் திரும்பி இவளைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். மிதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போல. "பரவால்லமா" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏம்மா, கம்பெனிக்காரன் ஏசி ரூம்ல கால் மேல கால் போட்டுக்கினு ஒக்காந்திருக்கறான். நீ எதுக்கு ஊருக்கெல்லாம் சாரி சொல்லிக்கினு கெடக்கற?" என்று கேட்டேன்.

"இந்த வளைவுல வீக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சும் இன்னும் சரி பண்ணல. கூச்சமா இருக்காதா?" என்றாள்.

அந்தக் கூச்சமெல்லாம் சிக்னலோடு சரி. தன்னைப் பற்றி அவளுக்குத் துளிகூடக் கூச்சம் கிடையாது. ஹெல்மெட்டும் கயிறுமாக மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறுவாள். தெருவோரத்தில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் டிபன் பாக்ஸை வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவாள். பற்கள் தெரியச் சிரிப்பாள். என் மாமியார், "பொம்பளப் புள்ள இப்பிடியா கம்பத்துல ஏறும்?" என்று கேட்டால், "ஆன்டெனா கீழ எறங்கி வர மாட்டேங்குதேம்மா" என்பாள். மாமியாருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அப்போதெல்லாம் மாமியாருக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரக்குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் மாடிக்குத்தான் போகும். ஊர் எது என்று கேட்டதற்கு, "தாமல்" என்றிருக்கிறாள். "ஏரி இருக்குதே, அந்தத் தாமலா?" என்று மாமியார் கேட்டார். "அதேதாம்மா." அதற்குமேல் பேச்சு ஏரி மீனுக்குப் போய்விட்டது.

நான் பட்டுப்புடவை விற்கிறேன். கடை என்று ஒன்றும் கிடையாது, போன்தான் கடை. என் வீட்டுக்காரர் நெய்வதையும் தெருவில் மற்றவர்கள் நெய்வதையும் வீடியோ காலில் பிரித்துக் காட்டி விற்பேன். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்குள் சிக்னல் என்பது பெயருக்குத்தான். முந்தானையை விரிக்கும்போது சரியாகப் படம் உறைந்து நிற்கும். அந்தப் பக்கம் இருக்கும் அம்மா, "மேடம், உங்க வாய் மட்டும் தொறந்தபடி இருக்கு, பொடவையக் காணோம்" என்பார். அதனால் புடவையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவேன். பட்டுப்புடவையை வெயிலில் காட்டக்கூடாது. நிறமும் வேறாகத் தெரியும். அரக்கு நிறத்தைச் சிவப்பு என்று நம்பி வாங்கிய ஒருத்தி புடவையைத் திருப்பி அனுப்பியே விட்டாள்.

அதைக் கேள்விப்பட்டதும் அவளுக்கு வந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ அவளே என் புடவையில் சாயத்தைக் கொட்டிவிட்ட மாதிரி நின்றாள்.

"நான் இருக்கற வீட்டுலயே சிக்னல் இல்ல. வெளிய சொன்னா சிரிப்பாங்கக்கா" என்றாள்.

அன்றைக்கே பழைய அளவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். லேப்டாப்பில் ஊர் முழுக்கப் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வரைபடம். பச்சை என்றால் நல்ல சிக்னல். எங்கள் தெரு பச்சைப் பசேலென்று இருந்தது! எப்படி என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். காரணம் மூன்றாம் நாள் காலையில் வாசலிலேயே கிடைத்தது. தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலை அப்படித் தெருவில் இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பது வழக்கம். அது முடியும் வரைக்கும் ஒரு சைக்கிள்கூட உள்ளே வர முடியாது. சிக்னல் அளவெடுக்கும் கம்பெனி கார் எப்போதும் காலையில்தான் வரும். வந்தவர்கள் பாவைப் பார்த்துவிட்டு அடுத்த தெரு வழியாகப் போயிருக்கிறார்கள். அடுத்த தெருவின் பச்சையே எங்கள் தெருவுக்கும் பூசப்பட்டுவிட்டது.

"உங்க பாவுதான்க்கா எங்களுக்குக் குறுக்க நின்னுக்கினு இருந்துது" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "இத்தன நாள் பொய்ப் பச்சையப் பாத்துக்கினு இருந்துட்டோமே" என்று முகத்தைத் தொங்கப்போட்டாள். பிறகு இரண்டு போனையும் கையில் பிடித்துக்கொண்டு, பாவுக்கு அடியில் குனிந்து குனிந்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தே அளந்தாள். ஒரு நூல் அசையவில்லை. நெய்கிறவர்களே மெச்சிக்கொண்டார்கள்.

பிரச்சினை என்ன என்று எனக்கு அவள் விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. நான் ஹோஸ் பைப்பில் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பைப்பை வாங்கி மேல்நோக்கிப் பிடித்தாள். தண்ணீர் எங்கள் வாசற்படியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. "பாத்தீங்களா? இதான் பீம். கோயில் கோபுரத்துக்குப் பக்கத்துல ஒசரமா டவர் நட விட மாட்டாங்க. அதனால கல்யாண மண்டபத்து மாடியில ஆன்டெனா வெச்சிருக்குது. அதுலேருந்து கெளம்பறது உங்க தெருவத் தாண்டிப் போய்க் காலனியில விழுது" என்றாள். பைப்பைத் தாழ்த்தினாள். வாசற்படி நனைந்தது, எதிர்ப்பக்கம் வறண்டது. "குனிய வெச்சா உங்களுக்கு வரும், அங்க இல்லாம போயிடும்."

காலனி என்பது எங்கள் தெருவுக்குப் பின்னால், கால்வாயைத் தாண்டி இருக்கிறது. ஒரு காலத்தில் வயலில் கூலி வேலை செய்தவர்களின் வீடுகள். இப்போது டிரைவர், நர்ஸ், வாத்தியார், கம்பெனி வேலை என்று எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு சர்ச்சும் உண்டு. எங்கள் தெருக்காரர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் என்று கேட்டால், "அங்க இன்னா வேல?" என்பார்கள்.

இரண்டு பக்கமும் கெடாமல் இருக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பெனியோடு மல்லுக்கு நின்று ஒரு சின்னப் பெட்டிக்கு அனுமதி வாங்கினாள். அதை ஏதாவது ஒரு மாடியில் வைத்தால் அதிலிருந்து வரும் சிக்னல் மட்டுமே ஒரு தெருவுக்குப் போதும். தெருக்காரர்களை எங்கள் வாசலில் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் மாடியிலேயே வைக்கலாம் என்று இருந்தோம். கோடி வீட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"தறியில இருக்கறது வெள்ளி ஜரிகம்மா. வெள்ளி கரண்ட்ட இழுக்கும். பொட்டி வெச்சா மொத்தமும் பாவுல எறங்கிடும். நெய்யறவன் கையில ஷாக் அடிக்கும்."

வேறு எந்த ஊரிலாவது டவருக்குப் பயப்படுகிறவர்கள் தலைவலி என்பார்கள், குருவி செத்துவிடும் என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஜரிகைதான் ஞாபகம் வரும். எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு ஜரிகைச் சுருளை வாங்கித் தன் இரண்டு போனுக்கும் நடுவில் வைத்து, சிக்னல் எண்கள் மாறவில்லை என்று ஒவ்வொருவரிடமும் காட்டினாள். "இப்ப ஒண்ணும் ஆவாது. போகப் போகத்தான் தெரியும்" என்றார் கோடி வீட்டுக்காரர்.

"பொட்டியெல்லாம் வேணாம். மண்டபத்து ஆன்டெனாவ எங்க பக்கம் குனிய வெச்சுடு. முடியுமா, முடியாதா?"

"முடியும்ணா. ஆனா காலனி மொத்தமா செத்துடும். ஆம்புலன்ஸக் கூப்புடக்கூட லைன் கெடைக்காது."

"கெடைக்காட்டிப் போவுது. இத்தன நாளு நாங்க இல்ல? அவங்க இன்னா உனக்கு மாமனா, மச்சானா?"

"நானும் காலனிதாண்ணா. தாமல் காலனி" என்றாள். எந்த பஸ்ஸில் வந்தாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "அதுக்காகச் சொல்லல. எந்தத் தெருவா இருந்தாலும் நான் அணைக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு யாரும் ஜரிகையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள். அவள் லேப்டாப்பை மூடினாள்.

மறுநாள் காலையில் அவள் கழுவித் திருப்பிக் கொடுத்த குழம்புக் கிண்ணம் எங்கள் சமையலறைக்குள் வரவில்லை. பின்கட்டில் குழாயடியில் கிடந்தது. அடுத்த நாளும் அங்கேயே கிடந்தது. நான் எடுத்து உள்ளே கொண்டுவந்தேன். மாமியார் அதைத் திரும்பவும் கொண்டுபோய் வெளியே வைத்தார். நான் கத்தினேன். இன்னும் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "தெருவுல நாலு பேரு கேக்கறாங்க. உன் நாத்தனாருக்கு மூணு பொண்ணு இருக்குது, ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். என் வீட்டுக்காரர் தறிக்குள் காலை விட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என் கத்தலெல்லாம் சமையலறையைத் தாண்டிப் போகவில்லை. மாடிப்படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டதும் நானே குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஐயோ, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அறையைக் காலி செய்யச் சொல்லும் வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நேராகச் சொல்லியிருப்பார். "மாடியில ஒரு தறி போடலாம்னு இருக்கறோம்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தறியை மாடி அறையில் இறக்க முடியாது. கால் வைக்கப் பள்ளம் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்து தறியைத் தினமும் பார்த்தவளுக்கு அது தெரியாதா?

"சரிண்ணா" என்றாள். உடனே அவள் முகம் சுண்டியது. பஸ்ஸில் சுண்டிய அதே முகம். "என்னால உங்களுக்குத்தான் தெருவுல சங்கடம் ஆயிடுச்சு. நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். சாரிண்ணா."

துரத்துகிறவர்களிடம் மன்னிப்பு கேட்டுவிட்டுப் போனாள். அவளுடைய துணிப் பெட்டியைத் தூக்க நான் கை கொடுத்தேன். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேலூர்ப் பக்கம் வேறு வேலைக்கு மாறிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாடி அறையில் இன்றுவரை தறியும் இல்லை, ஆளும் இல்லை. பழைய பாயும் உடைந்த நாற்காலியும்தான் கிடக்கின்றன.

சில மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் மாமியாரின் போன் சமையலறைக்குள் அடித்தது. ஆரணியிலிருந்து நாத்தனார். மாமியார் வழக்கம்போல வாசலுக்கு ஓடப்போனவர், பாதியில் நின்று காதில் வைத்தார். "நல்லா கேக்குதுடி! பக்கத்துல ஒக்காந்து பேசறாப்புல கேக்குது!" என்றார். அன்றைக்குத் தெரு முழுக்க இதே பேச்சு. நான் தறிக்குப் பக்கத்திலேயே நின்று வீடியோ காலில் புடவை காட்டினேன். ஜரிகையின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது என்றார்கள். கோடி வீட்டுக்காரர், தான் போட்ட சத்தத்துக்குத்தான் கம்பெனிக்காரன் பயந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குத்தான் சந்தேகம். காலனிக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பிடுங்கி எங்களுக்குக் கொடுத்துவிட்டார்களா? அவளிடம்தான் கேட்க வேண்டும். நடையில் மாமியார் கால் நீட்டி உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி அவளோடு பேசினால் வீடு ரெண்டாகிவிடும். போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

"அக்கா!" என்றாள். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. நான் கேட்டதற்கு, "சேச்சே, காலனிக்கு ஒண்ணும் கொறையலக்கா. அந்தப் பொட்டிய காலனி சர்ச்சு மாடியில வெக்கலாமான்னு அங்கேருந்து கெளம்பறதுக்கு முன்னாடியே கேட்டிருந்தேன். பாஸ்டர் ஒரே வார்த்தையில சரின்னுட்டாரு. அவங்களே ஒயர் இழுக்கக்கூட வந்தாங்களாம். அங்க பொட்டி வந்துட்டதால மண்டபத்து ஆன்டெனா அந்தப் பக்கம் பாக்க வேண்டிய அவசியமில்ல. ரூமக் காலி பண்ண அன்னிக்கு, உங்க பக்கம் குனிய வெக்கச் சொல்லி எழுதிட்டுத்தான் வந்தேன். இப்பதான் செஞ்சிருக்கறாங்க" என்றாள்.

நாங்கள் எங்கள் மாடியைத் தரவில்லை. அவர்கள் தங்கள் மாடியைத் தந்ததால் எங்களுக்குச் சிக்னல் வந்திருக்கிறது. எழுதிவிட்டுப் போனது நாங்கள் காலி செய்யச் சொன்ன பிறகு. மன்னித்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் பக்கத்துச் சுவரில் ஒரு காக்கை உட்கார்ந்து கத்தித் தீர்த்தது.

"காக்கா சத்தம் கேக்குது. மாடியிலேருந்தா பேசறீங்க?" என்றாள். குரல் அப்படியே இறங்கிவிட்டது. "உள்ள இன்னும் வரலியாக்கா? இன்னமும் மொட்டமாடிக்குத்தான் ஓடறீங்களா?"

வருகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பிறகு ஏன் மாடிக்கு வந்தாய் என்ற கேள்வி வரும். நான் சும்மா நின்றேன்.

"ஐயோ, சாரிக்கா. எனக்கே கூச்சமா இருக்குது. நான் பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரமே இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவளோடு முன்பு வேலை செய்தவர்களாம். "மேடம் அனுப்புனாங்க. உங்க வீட்டுக்குள்ள எடுக்கலியாமே" என்று போனைப் பிடித்தபடி கூடம், சமையலறை, தறிக்குழி என்று ஓர் இடம் விடாமல் அளந்தார்கள். மாமியார் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டு, "எங்களுக்கு நல்லாத்தானே வருது? யாரு வரலேன்னது?" என்று கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்களில் ஒருவர் கூடத்தின் நடுவிலிருந்தே போன் போட்டு, கூட வந்தவருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தை வெளியே விட்டார். "மேடம், உள்ள எல்லா எடத்துலயும் ஃபுல்லா இருக்குது. இப்ப உள்ளேருந்துதான் பேசிக்கினு இருக்கறேன். அப்புறம் எதுக்கு மாடிக்குப் போய்ப் பேசுனாங்கன்னு அக்காவக் கேக்கட்டுமா?"

அந்தப் பக்கம் பதிலே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார். போகவில்லை. மாமியாருக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் என்று புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை.

"வேணாம்ணா" என்று அவள் குரல் எங்கள் கூடத்துக்குள் துல்லியமாகக் கேட்டது. "அக்காவ ஒண்ணும் கேக்காதீங்க. நீங்க கெளம்பிடுங்க."